சுத்தமான வாயு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் செல்போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். கட்டைவிரல் நலமாக இருப்பது தெரிகிறது. மற்ற உறுப்புகளைப் பற்றியும் தெரிய வேண்டும் என்றுதான் மாதம் ஒரு கடிதம் என்று ஏற்பாடு செய்தேன். கிளம்பும்போது ரயில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "சரிக்கா, சரிக்கா" என்று ஒப்புக்கொண்டவன் நீ.

கேபிள் தொழிற்சாலையில் என்னைச் சோதனை மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். செம்புக் கம்பிக்கு உறை போட்ட பிறகு, மின்சாரம் பாயும் உலோக மணிச்சரங்களுக்கு நடுவே அதை ஓடவிடுவார்கள். உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பொறி தெறித்து மணி அடிக்கும். உடனே நான் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நாள் முழுக்க மணி அடிக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். "அங்க காரணத்தோட அடிக்குது, வீட்டுல காரணமில்லாம அடிக்குது" என்கிறார் உன் மாமா.

மேடைக்கு விளக்குக் கட்டும் வேலை என்கிறாய். எவ்வளவு உயரத்தில் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாய். ஒளிக்காமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கட்டைவிரல், கை, கால், வயிறு எல்லாம் தனித்தனியாக நலம். மாமாவுக்கு என் வணக்கம்.

உயரத்தைச் சொன்னால் உனக்குத் தூக்கம் போய்விடும். அரங்கத்தின் கூரைக்குக் கீழே இரும்புக் குழாய்களால் ஆன ஒரு பாலம் இருக்கிறது. இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு அதன் மேல் நடந்துபோய் விளக்குகளைத் தொங்கவிடுவோம். மேலிருந்து பார்த்தால் காலி நாற்காலிகள் சீப்பின் பற்கள் மாதிரி தெரியும். கண் விளக்கில் இருக்கும், கால் பாட்டுக்குக் குழாயைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். என் காலுக்கு இவ்வளவு விவரம் தெரியும் என்று எனக்கே தெரியாது.

பயப்படாதே. எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம். கயிறு, கொக்கி, ஏணி எதுவானாலும் அதில் ஓர் அட்டை தொங்க வேண்டும். யார் சோதித்தது, எவ்வளவு எடை தாங்கும், எல்லாம் அதில் இருக்கும். அட்டை இருந்தால் ஏறலாம். இல்லாவிட்டால் யார் சொன்னாலும் ஏறக்கூடாது. எங்கள் குழுத் தலைவி அதில் கறார்.

ஆட்களும் நல்லவர்கள். என்னோடு கயிறு பிடிக்கும் ஒருவரைத் தாடி என்று கூப்பிடுவோம். மேடையைப் பிரித்து வண்டியில் ஏற்றிய பிறகு அவர் ஒரு சிலிண்டரிலிருந்து ஆளுக்கொரு பலூன் நிரப்பிக் கொடுப்பார். சிரிப்பு வாயு. உள்ளே இழுத்தால் உடம்பு அசதியெல்லாம் யாருடையதோ என்று ஆகிவிடும். கொஞ்ச நேரம்தான், பிறகு ஒன்றும் இருக்காது. போதைப்பொருள் இல்லை, அக்கா. நானும் முதலில் யோசித்தேன். தாடி சொன்னார், "பல்லு புடுங்கும்போது சின்னக் குழந்தைக்கே குடுக்கிறாங்கப்பா. கெட்டதா இருந்தா குடுப்பாங்களா?" கேக் மேல் பூசும் கிரீமை நுரைக்க வைப்பதும் இதே வாயுதானாம். சிலிண்டரில் 'உணவுத் தரம், தூய்மை 99.9 சதவீதம்' என்று ஒட்டியிருக்கிறது. நானே படித்துப் பார்த்தேன். அட்டை இருக்கிறது.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தில் பாலத்தைப் பற்றிய பகுதியை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார். பலூன் பகுதியை வாசிக்கவில்லை. அதை நானே பலமுறை படித்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் முதலுதவி அறை நர்ஸ் ஒருவர் இருக்கிறார். ஒருவருடைய விரலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வாயு என்று ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களா என்று கேட்டேன். "ஆமா, குடுப்பாங்களே" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் அந்த ஆள் ரத்தத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். எனக்குப் பாதி நிம்மதி வந்தது. எங்கள் கேபிள் சுருளிலும் சான்று ஒட்டித்தான் வெளியே அனுப்புகிறோம். சான்றை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் அதைத் தொடாதே. ஏறாத நாளிலும் தொடாமல் இருந்தால் ரொம்ப நல்லது. அசதியாக இருந்தால் தூங்கு. தூக்கத்துக்கு அட்டை தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நலம். மாமா நலமா?

வேலை அதிகம். ஒரு நிகழ்ச்சி முடிந்தால் அடுத்தது வரிசையில் நிற்கிறது. புது ஷூ வாங்கினேன், சரியில்லை. அடிப்பாகம் மெத்தை மாதிரி, எதன் மேல் நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. மாற்றி வேறு வாங்கினேன். இதுவும் அப்படித்தான். இப்போதெல்லாம் ஷூ செய்பவர்களுக்குக் கால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது போல.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலில் எப்போதும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மதமதப்பு. சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் வருமே, அது போகாமல் அங்கேயே தங்கிவிட்ட மாதிரி. ஒன்றுமில்லை.

ஒரு உதவி. பி12 வைட்டமின் மாத்திரை கொஞ்சம் அனுப்ப முடியுமா? இங்கே எல்லாரும் சாப்பிடுகிறார்கள். உடம்புக்கு நல்லதாம்.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாத்திரைகளை இதனோடு பார்சலில் வைத்திருக்கிறேன். உடையாமல் இருக்கப் பஞ்சு சுற்றியிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் இது கறி மீன் தொடாதவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும் என்றார். முழுக் கோழியை ஒரே ஆளாக முடிக்கும் உனக்கு எதற்கு என்று யோசித்தேன். "பையன் திருந்திட்டான் போலிருக்கு" என்கிறார் உன் மாமா.

ஷூ இரண்டு ஜோடி மாற்றியும் சரியில்லை என்றால் கோளாறு ஷூவில்தான் என்பது எப்படி நிச்சயம்? கால் மதமதப்பை யாரிடமாவது காட்டினாயா? உன் கையெழுத்தும் எனக்குப் புதிதாக இருக்கிறது. எழுத்தெல்லாம் பெரிதாகி, வரி கீழே சரிகிறது. பேருந்தில் வைத்து எழுதினாயா?

பலூனைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது நேராகப் பதில் எழுது.

அக்கா

ஜூன் 3

அக்காவுக்கு,

நலம். மாத்திரை கிடைத்தது. முடிந்தால் இன்னும் அனுப்பு. அதைச் சாப்பிட்டால் எதுவும் அண்டாது என்கிறார்கள்.

என்னை இப்போது கீழே வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். கேபிள் சுருட்டுவது, பெட்டி அடுக்குவது. ஒருவிதத்தில் பதவி உயர்வுதான்.

மற்றவை பிறகு.

தம்பி

ஜூன் 15

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் தம்பி வேலை செய்யும் மேடைக் குழுவின் தலைவி நான். உங்கள் முகவரியை அவரிடமே கேட்டு வாங்கினேன். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உயரத்திலிருந்து விழவில்லை. நேற்றுக் காலை அரங்கத்தின் பின்னால் உள்ள குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புக்காகக் கண்ணை மூடியிருக்கிறார். மூடிய மறுகணம், கால் வழுக்காமல், எதிலும் இடறாமல், நின்ற வாக்கிலேயே சாய்ந்து விழுந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். குழாய்ப் பாலத்தில் அவர் கை வீசி நடப்பதைக் கீழே நின்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆள் சமதரையில் நிற்க முடியாமல் விழுந்துவிட்டார்.

ஏப்ரலிலேயே அவரை மேலே ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். நடக்கும்போது தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். கேட்டதற்கு ஷூ சரியில்லை என்றார். கயிறு, கொக்கி என்றால் எனக்குச் சோதிக்கத் தெரியும். இது என்ன என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வண்டியிலேயே வாயு சிலிண்டர் வந்து போயிருக்கிறது. அதுவும் நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

உங்களைப் பார்க்க விரும்புகிறார். வாயால் கேட்கவில்லை. முகவரி சொல்லும்போது தெரிந்தது.

இப்படிக்கு,
குழுத் தலைவி

ஜூன் 26

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முதுகுவலிக்கு வேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா? போனில் பேசினால் உங்கள் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் "மாமா ஏன் வரல?" என்றான். நரம்பு டாக்டர் ஓர் இளம்பெண். இரண்டு கிளை உள்ள ஓர் இரும்புக் கவையைத் தட்டினார். அது ரீங்காரமிட்டது. தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, அதன் அடிப்பகுதியை அவன் கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதா?" என்று கேட்டார். அவன் காத்திருந்தான். பிறகு கேட்டான், "வெச்சாச்சா?"

முழங்காலில் வைத்தார், தெரியவில்லை. இடுப்பில் வைத்தபோதுதான் லேசாக என்றான். பிறகு கால் பெருவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலே என்றான். பாதி நேரம் கீழே இருந்தது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். குழந்தைகளுக்குக் கொடுப்பது உண்மை என்றார். பிராணவாயுவோடு அளந்து கலந்து, பக்கத்திலேயே நின்று, அந்தச் சிகிச்சை நேரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். இவர்கள் மாதக்கணக்கில் சிலிண்டர் சிலிண்டராகக் காலி செய்திருக்கிறார்கள். உடம்பை விட்டு உடனே போய்விடும் என்பதும் உண்மையாம். வாயு போய்விடும், அது செய்துவிட்ட வேலை போகாது. உடம்பில் இருக்கிற பி12 சத்தை அது இருந்த இடத்திலேயே முடக்கிப்போடுகிறது. ரத்தத்தைச் சோதித்தால் அளவு சரியாக இருப்பதாகக்கூடக் காட்டலாம். வாயுவை இழுத்துக்கொண்டே மாத்திரை சாப்பிட்டால் பாதுகாப்பு என்பது வெறும் கட்டுக்கதை. நான் பஞ்சு சுற்றி அனுப்பியது அந்தக் கட்டுக்கதையைத்தான்.

அந்தச் சத்து எதற்குத் தேவை என்று கேட்டேன். நரம்புகளின் மேலே ஓர் உறை இருக்கிறது, அதைப் பராமரிக்க என்றார். தண்டுவடத்தின் படத்தைக் காட்டினார். பின்பக்கம் வெள்ளையாக ஒரு தடம். உறை கெட்டுப்போன இடம். பாதத்திலிருந்து மூளைக்குப் போகிற செய்தி அந்த வழியாகத்தான் போக வேண்டுமாம். அது போகாததால் கண்ணால் பார்த்துத்தான் நிற்கிறான், கண்ணை மூடினால் விழுகிறான்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தின் முன்னால் எனக்கு அழுகைகூட வரவில்லை. கண்ணுக்கே தெரியாத இழை, அதற்கு ஓர் உறை, அதைப் பிறந்ததிலிருந்து யாரும் பார்க்காமலே பூசிக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாடு. எங்கள் கம்பியில் ஓட்டை விழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டி எறிவோம். இது ஓட்டத்தை நிறுத்தாமலே தன்னைச் சரிசெய்துகொள்ளுமாம். வாயுவை அடியோடு விட்டு, ஊசி போட்டுக்கொண்டு, பொறுமையாக இருந்தால். எவ்வளவு சரியாகும் என்று கேட்டேன். "நடப்பார்னு நம்புறேன். ஏறுவாரான்னு இப்ப கேக்காதீங்க" என்றார்.

தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லீவு முடியும்வரை இங்கே இருக்கிறேன்.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகிக்கொண்டிருக்கிறேன். நீ ஊருக்குத் திரும்பிய பிறகு அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஊசி தொடர்கிறது. தினமும் பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கிறேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி. கால் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பயிற்சியாளர் ஒரு நாள் சொல்லாமல் கண்ணாடிக்குக் குறுக்கே வந்து நின்றார். என் கால்கள் காணாமல் போய்விட்டன. கம்பியில் தொங்கினேன்.

நீ ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அப்போதும் பலூனை விடவில்லை. மே மாதம் அதிகமானது. கால் மரத்ததை மறக்க அதையே இழுத்தேன். அந்த அட்டையைப் பற்றி இங்கே படுத்தபடி நிறைய யோசித்தேன். எங்கள் கொக்கியில் தொங்கும் அட்டை, இது உன்னைத் தாங்கும் என்று சொல்கிறது. சிலிண்டரில் இருந்தது, உள்ளே வேறு எதுவும் கலக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னது. அட்டை பொய் சொல்லவில்லை, அக்கா. அட்டையைக் கண்டால் ஏறிப் பழகியவன், இதிலும் ஏறிவிட்டேன்.

தாடி பார்க்க வந்தார். பழம் வாங்கி வந்தார். கதவிலிருந்து என் கட்டில்வரை அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. வெட்கத்தால் என்று முதலில் நினைத்தேன்.

"எப்பத்திலருந்து தரையப் பாத்து நடக்கறீங்க?" என்று கேட்டேன்.

"செருப்பு புதுசுப்பா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திவிட்டார். அப்போதே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். கதவைத் தாண்டும்போது நிலையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். முதுகுவலி பரவாயில்லை, அதைப் பற்றிப் பேசுவதுதான் குறையவில்லை.

தாடியைச் சும்மா விடாதே. மறுபடி சொல். நச்சரி. எப்படி நச்சரிப்பது என்று தெரியாவிட்டால் என் பழைய கடிதங்களை எடுத்துப் படி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உன் மேலும் இருக்கிறது, அதை நேரில் தருவேன். ஆனால் அவர் உன்னை ஏமாற்றுவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் நம்பியிருக்கிறார். நம்புகிறவர் சொல்லும்போதுதான் இன்னும் நன்றாக எடுபடுகிறது.

டாக்டர் சொன்னதை உன் மாமாவிடம் விளக்கினேன். நம்பாமல், சமையலறையில் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்த்தார். இரண்டு டம்ளர் போயிற்று. பிறகு இரண்டு காலையும் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் வெகுநேரம் நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நிக்கிறேன். யாரோ நிக்க வெச்சுக்கிட்டிருக்காங்க, யாருன்னுதான் தெரியல" என்றார். நானும் பக்கத்தில் போய்க் கண்ணை மூடி நின்றேன். உள்ளங்காலில் ஓயாமல் ஏதோ நடந்துகொண்டே இருந்தது. கணுக்கால் ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம். இத்தனை வருஷம் இதைக் கவனித்ததே இல்லை.

எப்போது சரியாகும் என்று தேதி கேட்டு டாக்டரைத் தொந்தரவு செய்யாதே. அது வரும்போது வரட்டும்.

அக்கா

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நலம். மாமாவுக்கும் டம்ளர்களுக்கும் என் விசாரிப்புகள்.

முதலில் தாடி. நச்சரித்தேன். குழுத் தலைவியும் சேர்ந்துகொண்டார். இப்போது அவருக்கும் ஊசி நடக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டதால் என்னைவிட நன்றாகத் தேறுவார் என்கிறார் டாக்டர். மற்றவர்களிடம் அவரே போய்ப் பேசுகிறாராம். வாயுவைப் பற்றி முன்பு எவ்வளவு அழகாகச் சொன்னாரோ அவ்வளவு அழகாக இதைச் சொல்ல வரவில்லை, திணறுகிறாராம்.

எனக்கு ஊன்றுகோல் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. மேலே ஏறுவது இனி இல்லை. டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். அரங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து விளக்குகளை இயக்கும் மேசை ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் தலைவி. இடது கால் இன்னும் பஞ்சுதான்.

இதை எழுத உட்கார்ந்த காரணமே வேறு. நேற்று மாலை பயிற்சி முடிந்து ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் நடுவே வலது காலில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். ஓர் எறும்பு. அது கடிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, அக்கா. தெரிந்தது, அதனால் பார்த்தேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து. அந்தக் கெட்டுப்போன இடத்தையெல்லாம் தாண்டி. எந்த வழியாக வந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்து சேர்ந்துவிட்டது. பயிற்சியாளர் தட்டிவிடக் கையை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க" என்றேன். "இன்னும் கடிக்குது."

அவரும் குனிந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தன் வேலையை முடித்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக இறங்கி, புல்லுக்குள் போனது. போவதும் லேசாகத் தெரிந்தது.

கடித்த இடம் சிவந்திருக்கிறது. இதை எழுதும்போதும் அரிக்கிறது. சொறியாமல் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி